ஹோட்டல் கார்டு வேறு வங்கிக்குப் போவதற்கு முன் மாற்றிக்கொள்வது பற்றி

உங்கள் ஹோட்டல் கார்டு (ஹோட்டல் நிறுவனத்தின் பெயரில் வங்கி தரும் கிரெடிட் கார்டு) வேறு வங்கிக்குப் போகிறது, அதற்குள் இப்போதைய வங்கியின் ஆண்டுக் கட்டணமில்லாத கார்டுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறலாம், ஆனால் கடைசி வாரம்வரை காத்திருக்காதீர்கள். கணக்குகளை ஒப்படைக்கும் தேதி நெருங்கியதும் இத்தகைய மாற்றங்களை வங்கி நிறுத்திவிடலாம். ஒப்படைத்த பிறகு அந்தக் கணக்கின் மேல் பழைய வங்கிக்கு அதிகாரமே இல்லை.

வங்கியைப் போனில் கூப்பிட்டு 'புராடக்ட் சேஞ்ச்' (அதே கணக்கை வைத்துக்கொண்டு கார்டை மட்டும் மாற்றுவது) என்றே கேளுங்கள். புது விண்ணப்பமாகப் பதிவுசெய்தால் கிரெடிட் விசாரணை (வங்கி உங்கள் கடன் வரலாற்றைப் பார்த்ததாகப் பதிவாவது) விழும், கணக்கின் வயதும் புதிதாகத் தொடங்கும். புராடக்ட் சேஞ்சில் பொதுவாக இரண்டும் இல்லை. வரவேற்பு போனஸும் கிடைக்காது.

கவனிக்க வேண்டியது இலவச இரவுச் சான்றிதழ், அதாவது ஹோட்டலில் ஓர் இரவு இலவசமாகத் தங்க இந்தக் கார்டு தரும் சலுகை. ஆண்டுக் கட்டணம் கட்டியும் அது இன்னும் வரவில்லையென்றால், வந்து ஹோட்டல் கணக்கில் தெரியும்வரை கார்டைத் தொடாதீர்கள். முன்பே மாறினால் அது கைவிட்டுப் போகும் வாய்ப்பு அதிகம். ஹோட்டல் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்த புள்ளிகளுக்குப் பயமில்லை, அவை வங்கியிடம் இல்லை. நடப்பு மாதச் செலவின் புள்ளிகள் ஸ்டேட்மென்ட் முடிந்தபின்தான் போகும், அதையும் பார்த்துவிட்டு மாறுங்கள்.

பழைய ஸ்டேட்மென்ட்களை இப்போதே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். கார்டு எண் மாறினால் தானியங்கிக் கட்டணங்கள் தவறும், எல்லா இடத்திலும் புது எண்ணைக் கொடுங்கள்.