மாற்றியமைத்த சன்னி எஞ்சினுக்கு எந்த ரொக்கர் ஆர்ம் நம்பலாம்?

வவுனியாவிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. ரொக்கர் ஆர்ம் என்பது சுழலும் கேமின் தள்ளலைப் புஷ் ரொட் என்ற கம்பி வழியாக வாங்கி வால்வைத் திறக்கும் சிறு நெம்புகோல்; அது ஷாஃப்ட் என்ற தண்டில் ஆடும். நிசான் சன்னி பி310 கார், ஏ12 எஞ்சின். ஹெட்டின் அடித்தளத்தைச் சீவி, வால்வை இன்னும் அதிகமாகத் திறக்கும் பெரிய கேம் வாங்கி, வலுவான வால்வு ஸ்பிரிங்கும் எடுத்துவிட்டார். 7000 ஆர்பிஎம் வரை தைரியமாக ஏற்ற வேண்டும், ஒருநாள் சாலியபுரவில் கஜபா சுப்பர்குரொஸ் பந்தயம் ஓட வேண்டும் என்பது ஆசை. இணையத்தில் பளபளக்கும் அலுமினிய ரோலர் ரொக்கர் செட் ஒன்றைப் பார்த்திருக்கிறார். ரேஷியோவும், அதாவது கேமின் தூக்கலை ரொக்கர் எத்தனை மடங்காக வால்வுக்குக் கொடுக்கிறது என்ற அளவும், கூட என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா, அல்லது வேறு எது நம்பிக்கையானது என்று கேட்கிறார்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம் தம்பி. நல்ல நிலையில் உள்ள நிசானின் சொந்த ரொக்கர்களைத் தேடி எடுங்கள். ஷாஃப்டைப் புதிதாகப் போடுங்கள், அட்ஜஸ்டிங் ஸ்குரூவையும் நட்டையும் புதிதாக மாற்றுங்கள். ரேஷியோவைத் தொட வேண்டாம். மிச்சக் காசை நல்ல புஷ் ரொட்டிலும் அளவெடுக்கும் வேலையிலும் போடுங்கள். நான் கிளிநொச்சிப் பக்கம் கராஜ் வைத்திருப்பவன், பழைய எஞ்சின்கள்தான் என் பிழைப்பு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கினால்தான் வேறு எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும்.

முதலில் ரொக்கர் என்ன பாரம் சுமக்கிறது என்று பாருங்கள். வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஸ்பிரிங் 100 கிலோ விசையால் தள்ளுகிறது என்று வைப்போம். ரேஷியோ 1.5 என்றால் புஷ் ரொட் பக்கம் 150 கிலோ. நடுவில் உள்ள ஷாஃப்ட் இரண்டையும் சேர்த்து 250 கிலோ தாங்குகிறது. இது எஞ்சின் ஓடாமல் நிற்கும்போது உள்ள கணக்கு. 7000 ஆர்பிஎம்மில் கேம் 3500 சுற்றுகிறது. அதாவது ஒவ்வொரு வால்வும் ஒரு விநாடியில் 58 தடவை திறந்து மூடுகிறது. வேகம் கூடக்கூட இந்த அசைவின் விசை வர்க்கத்தில் ஏறும். 6000-லிருந்து 7000-க்குப் போனால் வேகம் ஆறில் ஒரு பங்குதான் கூடுகிறது, விசையோ 36 வீதம் கூடிவிடும். ஆகவே "ஸ்டொக் (கம்பனி) ரொக்கர் 6000-இல் ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது சொன்னால் அது 7000-க்கு உத்தரவாதம் அல்ல. அதே நேரம், ஸ்பிரிங் சரியாக இருந்து வால்வு கேமை விட்டு எழும்பாத வரை நல்ல உருக்கு ரொக்கர் லேசில் உடையாது. ரொக்கர் உடைந்து வரும் எஞ்சின்களில் பெரும்பாலும் முதலில் பழுதானது ஸ்பிரிங்தான். வால்வு மிதக்கத் தொடங்கினால் ரொக்கருக்கும் வால்வுக்கும் இடையில் இடைவெளி விழும், பிறகு அது மூடும்போது விழும் அடிதான் எல்லாவற்றையும் உடைக்கும்.

அடுத்தது ரேஷியோ. கேம் 6 மில்லிமீற்றர் தூக்கினால், 1.5 ரொக்கரில் வால்வு 9 மில்லிமீற்றர் திறக்கும், 1.6-இல் 9.6. கேம் மாற்றாமலே கூடுதல் லிஃப்ட் (வால்வு திறக்கும் அளவு) கிடைக்கிறதே என்று எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் வால்வின் பாரத்தைக் கேம் உணரும் அளவு ரேஷியோவின் வர்க்கத்தில் ஏறுகிறது. 1.5-லிருந்து 1.6 என்றால் ஏறக்குறைய 14 வீதம் கூடுதல். ஸ்பிரிங்கும் கூடுதலாக அமுங்கும். நீங்கள் ஏற்கெனவே பெரிய கேம் வாங்கிவிட்டீர்கள். அந்தக் கேமை வெட்டியவர்கள் அந்த எஞ்சினின் ஸ்டொக் ரேஷியோவை நினைத்துத்தான் வெட்டியிருப்பார்கள். அதன்மேல் ரேஷியோவையும் கூட்டினால் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டலாம், ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ரிடெய்னர் வால்வு சீலில் இடிக்கலாம், வால்வு பிஸ்டனைத் தொடலாம். ஹெட் சீவியிருக்கிறீர்கள் என்பதால் கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு அதிகம் பயம். பிளாஸ்டிசீன் களியைப் பிஸ்டன் மேல் ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றி, களியின் மெல்லிய இடத்தை அளந்து பாருங்கள். இன்டேக்கில் 2 மில்லிமீற்றர், எக்ஸோஸ்ட்டில் 2.5 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் முன்னே போக வேண்டாம். ஸ்பிரிங் முழு லிஃப்ட்டில் முட்டுவதற்கு இன்னும் 1 முதல் 1.5 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும்.

இனி ரோலர் விஷயம். ரோலர் ரொக்கரில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் வால்வைத் தொடும் நுனியில் மட்டும் உருளை, மற்றதில் நடு அச்சிலும் ஊசிப் பேரிங். இரண்டாவது வகைதான் உராய்வை நன்றாகக் குறைக்கும், ஓயில் சூடும் குறையும். ஆனால் ஊசிப் பேரிங் கொட்டினால் அந்தச் சிறு ஊசிகள் நேராக அடியிலுள்ள ஓயில் தொட்டியான சம்புக்கு இறங்கும், போகிற வழியில் என்ன கிடைத்தாலும் பதம் பார்க்கும். ஜெனரல் மோட்டர்ஸின் எல்எஸ் வி8 எஞ்சின்களிலேயே கம்பனி ரொக்கரில் ஊசிகளைப் பிடிக்கும் கூடு இல்லாத பேரிங் இருந்து, பெரிய கேமும் கடுமையான ஸ்பிரிங்கும் போட்டவர்களுக்கு அது பிரச்சினையானது. அதற்காகவே வெண்கல புஷ் (வளையம்) போட்ட மாற்று செட்டுகள் விற்கிறார்கள். அமெரிக்க வி8-க்கு ஹார்லண்ட் ஷார்ப், க்ரோவர், ஜெசல் போன்ற பெயர்கள் நீண்ட காலமாக நம்பிக்கையானவை. அவர்கள் அலுமினியத்தை எப்படி வெட்டுகிறார்கள், எந்த உருக்கை எப்படிப் பதப்படுத்துகிறார்கள் என்பதில் உழைப்பு இருக்கிறது. பெயரே இல்லாத பெட்டியில் வரும் அலுமினிய ரொக்கரில் அது எதுவும் உங்களுக்குத் தெரியாது. உருக்கில் ஒரு அளவுக்குக் கீழே பாரம் இருந்தால் எத்தனை கோடி அடி விழுந்தாலும் களைக்காது. அலுமினியத்தில் அப்படி ஒரு எல்லை கிடையாது, பாரம் குறைவாக இருந்தாலும் என்றோ ஒருநாள் களைத்து வெடிக்கும். நல்ல அலுமினிய ரொக்கரைப் பந்தயக்காரர்கள் குறித்த காலத்தில் மாற்றிவிடுவது அதனால்தான். வாரம் முழுவதும் ஏ9 வீதியில் ஓடி, எப்போதாவது பந்தயத்துக்குப் போகும் காருக்கு உருக்குத்தான் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

சரி, பழைய ரொக்கரை எப்படித் தெரிவு செய்வது? கொழும்பில் பஞ்சிகாவத்தையிலோ யாழ்ப்பாணத்திலோ ஹெட்டோடு சேர்த்து வாங்க முடிந்தால் நல்லது, ஒரே எஞ்சினின் ரொக்கர்கள் ஒரே மாதிரித் தேய்ந்திருக்கும். ஷாஃப்டைக் கழற்றாமல் மேலிருந்து பார்த்துவிட்டு "புதுசு போல இருக்கு" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். புஷ் ரொட்டும் வால்வும் ரொக்கரை மேல்நோக்கித் தள்ளுவதால் ஷாஃப்ட் தேய்வது அடிப்பக்கத்தில். கழற்றித் திருப்பி நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் ஷாஃப்டும் வேண்டாம், அதில் ஓடிய ரொக்கர்களின் துளையையும் அளக்க வேண்டும். துளை பெருத்திருந்தால் ஓயில் அந்த இடத்திலேயே ஒழுகிவிடும், கடைசி ரொக்கருக்குப் போய்ச் சேராது.

ரொக்கரின் நுனியில் தேய்ந்த குழி இருந்தால் அது இன்னும் ஏமாற்றும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தட்டையான தகடு. அது குழியின் இரண்டு கரைகளிலும் பாலம் போல நிற்கும். கேஜ் 0.30 மில்லிமீற்றர் சொல்லும், உண்மையான இடைவெளி அதைவிடக் கூட இருக்கும். எத்தனை தரம் டப்பெட் இடைவெளி வைத்தாலும் சத்தம் போகாத எஞ்சின்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். லேசான குழியைக் கல்லில் பிடித்து, பழைய வளைவு கெடாமல் எடுக்கலாம். ஆனால் கடினப்படுத்திய மேல்தோல் மெல்லியது. எடுத்த பிறகு ஒரு நல்ல அரத்தால் ஓரத்தை உரசிப் பாருங்கள், அரம் வழுக்கினால் தோல் இருக்கிறது, கடித்தால் போய்விட்டது. அந்த ரொக்கரைப் போட வேண்டாம். வெல்டிங் செய்து நிரப்பித் தீட்டிய ரொக்கர் மெதுவாக ஓடும் காருக்குச் சமாளிக்கும், உங்கள் வேலைக்கு ஏலாது. வெல்டிங் சூடு அந்தக் கையின் பதத்தையே மாற்றிவிடும்.

வெடிப்புப் பார்க்க இயந்திரம் தேவையில்லை. கழுவி, இரவு முழுக்க மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, காலையில் நன்றாகத் துடைத்து, சோக்குத் தூளைப் பூசி வையுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் வெளியே கசிந்து சோக்கில் ஒரு கோடு போடும். அட்ஜஸ்டிங் ஸ்குரூ பூட்டும் துளையைச் சுற்றித்தான் வடிவாகப் பார்க்க வேண்டும்.

மண்ணெண்ணெய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1990களில் பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னியில் மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில்தான் ஓடின, கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் இறங்கி ஓயிலோடு கலந்து அதை நீராக்கிவிடும். அந்த ஓயில் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் ரொக்கர் ஷாஃப்ட், அதனால் அங்கேதான் சத்தம் முதலில் வரும். அந்தக் கார்களை ஓடவைத்த மூத்த மெக்கானிக்குகளிடம் நான் கற்றது, ரொக்கர் தேய்ந்தால் ரொக்கரை மட்டும் பார்க்காதே, ஓயிலை மணந்து பார் என்பது. உங்கள் காருக்கும் இது பொருந்தும். பெரிய கார்பரேட்டரைப் போட்டுப் பெற்றோல் அதிகமாக வைத்து ஓடினால் அதே வேலையைப் பெற்றோல் செய்யும். ஓயில் டிப்ஸ்டிக்கில் பெற்றோல் மணந்தால் எவ்வளவு விலையான ரொக்கரும் நிற்காது.

ஓயிலும் கவனம். ஏ12-இல் கேமும் அதன்மேல் அமரும் டப்பெட்டும் உரசி ஓடுபவை. புதிய பெற்றோல் கார்களுக்கான மெல்லிய ஓயிலில் பொஸ்பரஸ் 0.08 வீதத்துக்கு மேல் வைக்க விடுவதில்லை, புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக் கொன்வேட்டர் கெடும் என்பதற்காக. தேய்மானத்தைத் தடுக்கும் சேர்மானம் அந்தப் பொஸ்பரஸில்தான் இருக்கிறது. பழைய வகை எஞ்சினுக்கு 15டபிள்யூ-40 டீசல் ஓயில், சிஐ-4 தரம், நான் போடுவது அதுதான். எங்கள் வெயிலுக்கும் அந்தத் தடிப்புத் தோதானது. எயார் ஃபில்டர் இல்லாமல் கார்பரேட்டர் வாயைத் திறந்து விட்டு ஓடும் பெடியள் இருக்கிறார்கள். வன்னிச் செம்மண் புழுதியில் அதைச் செய்ய வேண்டாம்.

பூட்டும்போது செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. ஹெட் சீவினால் ரொக்கர் ஷாஃப்ட் கேமுக்குக் கிட்ட வந்துவிடும், ஆகவே புஷ் ரொட் நீளம் கூடிய மாதிரி ஆகிறது. வால்வு சீட் பல தடவை வெட்டியிருந்தால் வால்வு நுனி மேலே எழும்பியிருக்கும். முதலாவது அட்ஜஸ்டிங் ஸ்குரூ பக்கத்தையும், இரண்டாவது வால்வுப் பக்கத்தில் ரொக்கரின் கோணத்தையும் கெடுக்கும். வால்வு நுனியில் மார்க்கர் பேனாவால் பூசி, ரொக்கரைப் பூட்டி, கையால் சில சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். மை அழிந்த பட்டை நடுவில், ஒடுக்கமாக இருக்க வேண்டும். அகன்றோ ஒரு கரையிலோ இருந்தால் ரொக்கர் வால்வைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, வால்வுத் தண்டு ஓடும் கைட் தேயும். ரொக்கர் தூணின் அடியில் ஷிம் என்ற மெல்லிய தகட்டை வைத்துப் பட்டையைச் சரிசெய்யலாம், பிறகு அதற்கேற்பப் புஷ் ரொட் நீளத்தை மாற்றலாம். வால்வு பாதி திறந்த நிலையில் ரொக்கரின் அச்சிலிருந்து நுனிக்குப் போகும் கோடு வால்வுத் தண்டுக்குச் செங்கோணத்தில் இருந்தால் பட்டை தானாக ஒடுங்கும். தூணுக்கு ஷிம் வைக்கும்போது அதில் ஓயில் துளை இருந்தால் ஷிம்மிலும் அதே இடத்தில் துளை வேண்டும். இதை மறந்த எஞ்சின் அதிக தூரம் ஓடாது.

வேறு கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டொயோட்டா 4ஏ-ஜிஇ, 2ஜேசெட், நிசான் ஆர்பி26 எல்லாவற்றிலும் கேம் நேராக வால்வின் மேலுள்ள கிண்ணம் போன்ற பக்கெட்டை அமுக்குகிறது, ரொக்கரே கிடையாது. எஸ்ஆர்20-இல் உண்டு, ரெவ் கூடி வால்வு மிதந்தால் ரொக்கர் இடத்தை விட்டுக் கழன்றுவிடுவது அந்த எஞ்சினின் பிரபலமான குணம். அதற்கு ஸ்டொப்பர் விற்கிறார்கள், ஆனால் ஸ்பிரிங்கையும் ரெவ் லிமிட்டையும் முதலில் பாருங்கள். ஹொண்டா பி16-இல் இரண்டு வால்வுக்கு மூன்று ரொக்கர், உள்ளே பூட்டும் பின் ஓயில் அழுத்தத்தில் நகர்கிறது. அங்கே பின் தடையில்லாமல் விரலால் நகர்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

தம்பி, கேமோடு வந்த தாளில் லிஃப்ட், டப்பெட் இடைவெளி, ஸ்பிரிங் பாரம் எல்லாம் போட்டிருக்கும். அதையும் மை அழிந்த பட்டையின் படத்தையும் கருத்துப் பகுதியில் போடுங்கள். ஸ்டொக் ரொக்கர் காணுமா, அல்லது உருக்கு ரொக்கரைச் செய்விக்க வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.