பிஎச்.டி. நடுவில் பிரசவம் வந்தால் பதிவு ரத்தாகுமா?

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் வேதியியலில் பிஎச்.டி. மூன்றாம் ஆண்டு. பிரசவம் நெருங்குகிறது, கணவருக்குச் சென்னையில் வேலை. பதிவு போய்விடுமா?

போகாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளில் பிஎச்.டி.க்கு உச்சவரம்பு 6 ஆண்டு. மறுபதிவில் இன்னும் 2 கிடைக்கும். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு தளர்வு, ஆக மொத்தம் 10. மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்புக்கு, படிப்புக்காலம் முழுவதற்குமாக 240 நாள் வரை விடுப்பு உண்டு.

சிக்கல் வருவது விதியில் அல்ல, காகிதத்தில். நெறியாளர் "போய்ட்டு வாங்கம்மா" என்று வாயால் சொன்னது கணக்கில் வராது. மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்து, துறை, கல்லூரி வழியாகத் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, எழுத்தில் ஆணை வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்தப் பருவத்தின் முன்னேற்ற அறிக்கை "வரவில்லை" என்றே பதிவாகும்; பிறகு நீங்கள்தான் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். உதவித்தொகை வாங்கினால் அந்த அலுவலகத்துக்கும் தனியாகத் தெரிவிக்க வேண்டும்.

சென்னைக்குக் குடிபெயர்ந்தால், ஆய்வுத் தரவைப் புதிய நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமையை அதே விதிகள் பெண்களுக்குத் தருகின்றன. ஆனால் அந்த ஆய்வு, நெறியாளருக்கோ கல்லூரிக்கோ வெளி நிதி கிடைத்த திட்டத்தின் பகுதியாக இருந்தால் அந்த உரிமை செல்லாது. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். முதலில் அதைக் கேட்டுத் தெளிவாக்குங்கள்.

கரைப்பான்கள், கன உலோகங்களோடு வேலை என்றால் ஆய்வகப் பணியை இப்போதே நிறுத்தி, தரவுப் பகுப்பாய்வுக்கு மாறலாம். அதற்கு விடுப்பு தேவையில்லை.