மிக்சர் லீனா, ரிச்சா? – கேள்வி பதில்

கோயம்புத்தூர்ல ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கேன். பெட்ரோல் எஞ்சின்ல காத்தும் பெட்ரோலும் சேர்ற கலவையில வர்ற கோளாறு, இன்னைக்கு அதை மட்டும் கேளுங்க. அந்தக் கலவைதான் மிக்சர்; காத்து கூடிப்போனா லீன், பெட்ரோல் கூடிப்போனா ரிச்.

கேள்வி (சேலம்): சார், 2014 ஹேட்ச்பேக், 90,000 கி.மீ. செக் எஞ்சின் லைட் எரியுது. ஸ்கேனர்ல பி0171, சிஸ்டம் டூ லீன். மெக்கானிக் ஆக்சிஜன் சென்சரை மாத்தச் சொல்றார். மாத்தலாமா?

பதில்: பொறுங்க. காய்ச்சல் அடிச்சா தெர்மாமீட்டரையா மாத்துவோம்?

சுத்த பெட்ரோல் ஒரு கிராம் முழுசா எரிய 14.7 கிராம் காத்து வேணும். சைலன்சர் பைப்ல இருக்கிற சென்சர் மிச்சமான ஆக்சிஜனைப் பார்த்து, லீன்னா 0.1 வோல்ட் பக்கமும் ரிச்சுன்னா 0.9 பக்கமும் காட்டும். அதை வெச்சு இசியூ, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர், பெட்ரோலைப் பீய்ச்சுற இன்ஜெக்டர் திறக்கிற நேரத்தைக் கூட்டும், குறைக்கும். அந்தக் கூட்டல் கழித்தல்தான் ஃப்யூயல் ட்ரிம். ஷார்ட் டெர்ம் (அப்பப்ப மாறுறது), லாங் டெர்ம் (நாள்பட்டது) ரெண்டையும் கூட்டினா பிளஸ் மைனஸ் 10 சதவீதத்துக்குள்ள இருந்தா கவலை இல்ல. உங்க வண்டியில 20 தாண்டியிருக்கும், அதான் லைட்.

எஞ்சின் நல்லா சூடான பிறகு ஐடில்ல, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காம, ட்ரிம் எவ்வளவுன்னு எழுதுங்க. அப்புறம் 2500 ஆர்பிஎம்ல பிடிச்சு எழுதுங்க. ஐடில்ல +22, 2500ல +4ன்னா எங்கியோ வேக்குவம் லீக், அதாவது அளவுக்கு வராத காத்து உள்ள போற ஓட்டை. ஐடில்ல எஞ்சின் இழுக்கிற காத்தே கொஞ்சம், அதனால சின்ன ஓட்டைகூட பெருசாத் தெரியும். வேகம் கூடினா அதே ஓட்டை ஒண்ணுமில்லாமப் போயிடும். மாறா, ஏத்தத்துல லோடு ஏற ஏற பிளஸ் கூடுதுன்னா பெட்ரோல் போதல: பம்ப், ஃபில்டர் பாருங்க. உள்ள வர்ற காத்தை அளக்கிற மாஸ் ஏர்ஃப்ளோ சென்சர் இருக்கிற வண்டின்னா அதுல அழுக்கு இருக்கான்னும் பாருங்க.

லீக்குன்னா பார்க்க வேண்டிய இடம்: பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள்ள சேர்ற ஆவியை இழுக்கிற குழாய்), பிரேக் பூஸ்டர் ஹோஸ், மேனிஃபோல்ட் (சிலிண்டருக்குக் காத்து போற குழாய்) கேஸ்கட், இன்ஜெக்டர் ஓ-ரிங். எலி கடிச்ச ஹோஸ் நிறையப் பார்த்துட்டேன். ஒவ்வொரு ஹோஸா பிளையர்ல மெதுவா நசுக்கிட்டே ஸ்கேனரைப் பாருங்க, எதை நசுக்கும்போது ட்ரிம் இறங்குதோ அந்த வழியில ஓட்டை. வீடியோ பார்த்துட்டு சூடான எஞ்சின் மேல கார்ப் கிளீனர் அடிக்காதீங்க, தீப்பிடிக்கும்.

கேள்வி (திருச்சி): எனக்கும் பி0171. ஆக்சிஜன் சென்சர் போயிருக்குமா?

பதில்: மேலே படிங்க.

கேள்வி (தஞ்சாவூர்): பெட்ரோல் போட்ட உடனே மட்டும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்குது. மத்த நேரம் சரியா இருக்கு.

பதில்: இது நல்ல கேள்வி. டேங்க் ஆவியை எஞ்சினுக்கு விடுற பர்ஜ் வால்வ் திறந்தபடி மாட்டியிருக்கும். டேங்க் ஆவி மொத்தமும் மேனிஃபோல்டுக்கு வந்து மிக்சர் ரிச் ஆகுது. வால்வைக் கழட்டி வாயால ஊதிப் பாருங்க. கரண்ட் இல்லாதப்ப காத்து போகக் கூடாது.

கேள்வி (ஈரோடு): பி0172, சிஸ்டம் டூ ரிச். கரும்புகை, பிளக் கருப்பு. ஏர் ஃபில்டர் அடைப்பா?

பதில்: அது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்ஜெக்‌ஷன் வண்டியில அடைச்ச ஃபில்டர் பிக்கப்பைக் குறைக்கும். காத்தை அளந்துதான் பெட்ரோல் விடுறதால ரிச் ஆக்காது. காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஸ்கேனர்ல கூலண்ட் வெப்பமும் உள்ளே வர்ற காத்து வெப்பமும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கணும். எஞ்சின் கொதிக்கும்போதும் கூலண்ட் 20 டிகிரின்னு காட்டினா, குளிர்ந்த எஞ்சின்னு நினைச்சு இசியூ பெட்ரோலை ஊத்துது. அது சரியா இருந்தா ஒழுகுற இன்ஜெக்டர். ஆயில் அளவு பாக்கிற டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை அடிச்சா முதல்ல ஆயிலை மாத்துங்க.

கேள்வி (மதுரை): அண்ணே, எல்லாத்துக்கும் காரணம் இ20, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதைச் சொல்லாம ஹோஸ், வால்வுன்னு சுத்தி வளைக்கிறீங்க. லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்த என் வண்டி இப்ப 11தான்.

பதில்: கணக்கைப் பார்ப்போம். எத்தனால்லயே ஆக்சிஜன் இருக்கு, அதனால ஒரு கிராம் எரிய இ10க்கு (10 சதவீதம் எத்தனால்) 14.1 கிராம் காத்து, இ20க்கு சுமார் 13.5. அதாவது இ10லேர்ந்து இ20க்கு மாறினா 4 சதவீதம் பெட்ரோல் கூட வேணும். ட்ரிம் அந்த அளவு ஏறும். உங்களுக்கு +20 காட்டினா மிச்சம் 16 எங்கிருந்து வந்துச்சு? எத்தனால்ல சக்தி மூணுல ஒரு பங்கு கம்மி. இ10ல 15 கொடுத்த வண்டி இ20ல 14.5 கொடுக்கும். 11 கொடுக்காது.

கேள்வி (மதுரை): பங்க்ல 20ன்னு போட்டு 40 கலக்கிறான், அண்ணே!

பதில்: அளந்து பாத்தீங்களா? அளவுக் குழாய்ல 10 மி.லி. தண்ணி, 90 மி.லி. பெட்ரோல். குலுக்கி அசையாம வைங்க. எத்தனால் தண்ணியோட அடியில போயிடும். 20 சதவீதம்னா அடிமட்டம் 28 பக்கம் நிக்கும். வெளியில வெச்சுப் பண்ணுங்க, சமையல்கட்டுல வேண்டாம்.

கேள்வி (நாகர்கோவில்): குறுக்கே வர்றேன். என்னோடது 1995 கார்புரேட்டர் வண்டி. அதுல இசியூவே இல்லையே, எது சரி பண்ணும்?

பதில்: இந்த இடத்துல மதுரைக்காரர் பேச்சு நியாயம். கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட் ஓட்டை மாறாது, அதனால மிக்சர் லீன் ஆகும். முடுக்கும்போது திணறும். ஒரு சைஸ் பெரிய மெயின் ஜெட் போட்டுப் பாருங்க. பழைய ரப்பர் ஹோஸும் எத்தனால்ல ஊதிப்போகும், எத்தனால் தாங்கற ஹோஸா மாத்திடுங்க. ரொம்ப நாள் ஓட்டாம நிறுத்தினா டேங்க்ல ஈரம் சேரும். அளவு மீறினா தண்ணியும் எத்தனாலும் பிரிஞ்சு அடியில உக்காந்துக்கும்.

கேள்வி (ஓசூர்): டீசல் வண்டியில புகை...

பதில்: டீசல் இன்னொரு நாள்.

கேள்வி (வேலூர்): லீன் கோடு வந்துச்சு, ஆக்சிஜன் சென்சர் மாத்தியாச்சு, மூணே நாள்ல லைட் திரும்ப வந்துடுச்சு. ரெண்டாவது சென்சரும் போலியா?

பதில்: ஐடில்ல எவ்வளவு? 2500ல எவ்வளவு?

கேள்வி (வேலூர்): பாக்கல சார்.

கேள்வி (மதுரை): அண்ணே, அளந்தேன். 27 நிக்குது.

பதில்: அப்ப 40 இல்ல. ஹோஸைப் பாருங்க. வேலூர்க்காரரே, நீங்க சென்சர் பில்லை எடுத்து வைங்க, கடைக்காரர் திருப்பி எடுப்பாரான்னு கேளுங்க. அப்புறம் ரெண்டு நம்பரையும் எழுதிட்டு வாங்க.