பழைய பிபிசி மைக்ரோ: வாசகர் கேள்விகள்

கேள்வி: பள்ளிக்கூட ஸ்டோர் ரூமில் 1980-களின் கம்ப்யூட்டரான பிபிசி மைக்ரோ மாடல் பி ஒன்று கிடைத்தது. முப்பது வருஷத்துக்கு மேல் யாரும் தொட்டதில்லை. பிளக்கில் செருகிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் பவர் சப்ளையைக் கவனியுங்கள். ஆஸ்டெக் தயாரித்த பவர் சப்ளையாக இருந்தால், 230 வோல்ட் நுழையும் இடத்தில் ரிஃபா கம்பெனியின் இரண்டு கெப்பாசிட்டர்கள் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் பாகங்கள்) இருக்கும். ஒன்று 0.1 மைக்ரோஃபாரட், இன்னொன்று 0.01. இரண்டும் உள்ளே காகிதம் சுற்றியவை. மேலே இருக்கும் கண்ணாடி போன்ற பழுப்பு உறையை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். தலைமுடி அளவில் வெடிப்புகள் ஓடியிருக்கும். அது வழியாக ஈரம் இறங்கிக் காகிதம் உப்பியிருக்கும். மின்சாரம் கொடுத்தால் சில நிமிடமோ அரை மணியோ நன்றாக ஓடும். பிறகு டப்பென்று வெடித்து அறை முழுக்கப் புகை நாறும்.

பின்பக்கமும் அடியிலும் 'ஃபிக்ஸ்' என்று குறித்த ஸ்க்ரூக்களைக் கழற்றினால் மூடி வந்துவிடும். வயர்களைப் பிடுங்கும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மூன்றும் 5 வோல்ட், கறுப்பு மூன்றும் பூஜ்யம், ஊதா ஒன்று மைனஸ் 5. இடம் மாற்றிச் செருகினால் சிப்புகள் போய்விடும்.

பவர் சப்ளையை ஏற்கனவே மின்சாரத்தில் இணைத்திருந்தால், பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். பத்து நிமிடம் விட்டு, மல்டிமீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்த பிறகே கை வையுங்கள். ரிஃபா இருந்த இடத்தில் எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசி பாலிபுரொப்பிலீன் கெப்பாசிட்டர்களைப் போடுங்கள். சாதாரண கெப்பாசிட்டர் இங்கே ஆபத்து. கால் இடைவெளியை அளந்து வாங்குங்கள். கையோடு சி9 என்று குறித்த 220 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரையும் மாற்றிவிடுங்கள். அது வறண்டால் சப்ளை கிளம்பவே கிளம்பாது. கடைசியாக, போர்டில் மாட்டும் முன் 5 வோல்ட் வயருக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைக் கட்டி அளந்து பாருங்கள்.

கேள்வி: ஆன் செய்தால் 'பூ...' என்ற சத்தம் நிற்காமல் வருகிறது. திரையில் ஒன்றுமில்லை.

பதில்: சரியான மிஷினில் 'பூ' என்று நீளமாகவும் 'பீப்' என்று குட்டையாகவும் இரண்டு சத்தம் வரும். சவுண்ட் சிப் மின்சாரம் வந்ததுமே தானாகக் கத்த ஆரம்பிக்கும். அதன் வாயை அடைப்பது இயங்குதளம்தான். சத்தம் நிற்கவில்லை என்றால் பிராசஸர் இயங்குதளத்தை ஓட்டவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் சாக்கெட்டில் ஏறிய துருதான் காரணம். போர்டில் ஐசி1 (6502ஏ பிராசஸர்), ஐசி51 (இயங்குதளம் பதிந்திருக்கும் ரோம் சிப்), ஐசி3 (கீபோர்டு, சவுண்ட் சிப்பைக் கவனிக்கும் சிப்) என்று குறித்த மூன்றையும் மெல்ல நெம்பி எடுத்து, கால்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து மறுபடி அழுத்துங்கள். கால் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

'லாங்வேஜ்?' என்று கேட்டு நின்றால் பேசிக் மொழி பதிந்த ரோம் சிப் மிஷினுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். '16கே' என்று காட்டினால் பாதி நினைவகம் எட்டவில்லை. பின்னால் உள்ள பிஎன்சி வீடியோ சாக்கெட் வழியாக டிவியில் கறுப்பு வெள்ளையாகத் தெரிவது பழுது அல்ல.

கேள்வி: இது எங்கிருந்து, எப்போது வந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அதற்கு முன் கேஸைக் கழுவிவிடாதீர்கள். 1984-இல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்தது இந்த மாடல்தான். மொகாலியின் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் இதையே யூனிகார்ன் என்ற பெயரிலும் கொண்டுவந்தது. அதனால் அடியிலுள்ள லேபிள் முக்கியம். அதிலுள்ள சீரியல் எண் 'ஏஎன்பி01' என்று தொடங்கினால் டிஸ்க் வசதி இல்லாத மாடல் பி, 'ஏஎன்பி03' என்றால் டிஸ்க் உள்ளது. கேஸில் பெயின்ட்டால் எழுதிய எண் இருந்தால் பள்ளியின் ஸ்டாக் ரிஜிஸ்டரோடு ஒப்பிடுங்கள்.

சிப்புகளின் முதுகில் 8423 போன்ற நாலு இலக்கம் இருந்தால், அது 1984-ஆம் வருஷம் 23-ஆம் வாரம். சால்டர் செய்த சிப்புகளில் கடைசித் தேதி எதுவோ, அதற்குப் பிறகுதான் போர்டு பிறந்திருக்கும். சாக்கெட்டில் உள்ளவற்றை நம்ப வேண்டாம், யாராவது மாற்றியிருப்பார்கள்.

இயங்குதளம் 1.20 என்றால் இன்னொன்றும் உண்டு. அந்த ரோமைக் கழற்றி ஈப்ராம் ரீடரில் (சிப்பில் பதிந்ததைப் படிக்கும் கருவி) படித்தால், உள்ளீட்டு-வெளியீட்டு முகவரிகளுக்குப் பின்னால் மறைந்த 768 பைட்டில் ஸ்டீவ் ஃபர்பர், ஹெர்மன் ஹவுசர் உட்பட இதை உருவாக்கியவர்களுக்கு நன்றி சொல்லியிருப்பது தெரியும். மிஷின் ஓடும்போது அந்த வரிகள் கண்ணில் படாது.