வளாகத்தில் திறக்கும் மின்னிதழ் வீட்டில் ஏன் பணம் கேட்கிறது?

நூலகத்தில் இலவசமாகத் திறக்கும் கட்டுரை குடியாத்தத்தில் வீட்டுக்குப் போனதும் பணம் கேட்கிறது என்கிறீர்கள். பதிப்பகம் பார்ப்பது பல்கலைக்கழகத்தின் பொது ஐபி எண்ணை, அதாவது வளாக இணைப்பு வெளியே காட்டும் இணைய முகவரியைத்தான். வளாகத்துக்குள் இருந்தாலும் மொபைல் டேட்டாவில் போனால் இதே கதிதான். வெளியிலிருந்து படிக்க, உங்கள் இணைப்பைப் பல்கலைக்கழகம் வழியாக அனுப்பும் ப்ராக்ஸி, விபிஎன் போன்ற ஏற்பாடு வேண்டும். அமைப்பது கணினிப் பிரிவு, பயனர் பட்டியல் தருவது நூலகம்.

பெரிய தலைவலி வேறு. பல்கலைக்கழகம் இணைய நிறுவனத்தை மாற்றினால் பெரும்பாலும் ஐபியும் மாறும், சந்தா கட்டிய இதழ்களெல்லாம் ஒரே நாளில் பூட்டிக்கொள்ளும். புது எண்ணை ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் எழுதி, அவர்கள் சேர்த்த பிறகே பழைய இணைப்பைத் துண்டியுங்கள்.

ஒருவர் மென்பொருள் வைத்து மொத்தமாகப் பதிவிறக்கினாலும் பதிப்பகம் வளாகம் முழுவதையும் தடுக்கலாம், ஏனென்றால் பல பேருக்கும் வெளியே தெரிவது ஒரே எண். வளாக இணையப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் ஃபயர்வாலின் பதிவுகளை நேரத்தோடு சேமித்தால்தான் ஆளைக் கண்டுபிடித்துத் தடையை நீக்கச் சொல்ல முடியும்.