கணவரின் கார்டு கடனுக்கு மனைவி கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். வீடும் வங்கிக் கடனும் எங்கள் இருவர் பெயரிலும் இருக்கின்றன. என் கணவர் ஐந்து கிரெடிட் கார்டுகளில் 68,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கடன் வைத்திருப்பது போன மாதம்தான் எனக்குத் தெரியவந்தது. அவர் சம்பளம் 4,200 வெள்ளி. வசூல்காரர்கள் என் ஆபீசுக்கே போன் செய்கிறார்கள். என் பெயரில் ஒரு கடன் எடுத்து எல்லாவற்றையும் அடைத்துவிடலாம், வீட்டையும் என் பெயருக்கே மாற்றிவிடலாம் என்கிறார் கொழுந்தனார். அவருக்கும் 9,000 வெள்ளி தரவேண்டும். கார்டுக்குக் கட்டியதில் இரண்டு மாதமாக வீட்டுத் தவணை கட்டவில்லை. வீடு போய்விடுமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி கணவர் மறைத்ததைப் பற்றியும், நாத்தனார் கல்யாணத்துக்கு அவர் அள்ளிவிட்டதைப் பற்றியும் இருக்கிறது. உங்கள் வருத்தம் நியாயமானதுதான். ஆனால் கடன் வழக்கில் அதை யாரும் கேட்கமாட்டார்கள். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, இரண்டு மாதமாக வீட்டுத் தவணை கட்டவில்லை என்று, எனக்குக் கவலை தருவது அதுதான்.

எந்தத் தாளில் யார் கையெழுத்து இருக்கிறது என்பதைத்தான் சட்டம் பார்க்கும். கார்டு விண்ணப்பங்களில் இருப்பது உங்கள் கணவரின் கையெழுத்து. அதனால் அந்த 68,000 வெள்ளியும் அவர் கடன். மனைவி என்ற ஒரே காரணத்துக்காக உங்களிடம் வசூலிக்க வங்கிக்கு உரிமை இல்லை. உங்களிடம் துணைக் கார்டு (அவர் கணக்கிலேயே உங்கள் பெயருக்குக் கொடுத்த கார்டு) ஏதாவது இருந்தால் மட்டும் அதன் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். வீட்டுக் கடன் கதை வேறு. அதில் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அவருக்குப் பாதி, உங்களுக்குப் பாதி என்ற பேச்சே அங்கே கிடையாது. மொத்தத் தொகைக்கும் இருவரும் பொறுப்பு. வங்கி நினைத்தால் முழுவதையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம்.

வீடு போகுமா என்று கேட்டீர்கள். கார்டு கொடுத்த வங்கிகளால் போகாது. உரிமையாளர்களில் ஒருவராவது சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால், கணவர் திவாலானாலும் வீவக வீடு கடன்காரர்கள் கைக்குப் போகாது. அவருடைய மத்திய சேம நிதியையும் (சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) அவர்கள் தொடமுடியாது. (கொண்டோ என்ற தனியார் அடுக்குமாடி வீடு வைத்திருப்பவர்கள் இதைப் படித்து நிம்மதி அடையவேண்டாம், அதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.) ஆனால் வீட்டை அடமானம் எழுதி வாங்கிய வங்கியை இந்தப் பாதுகாப்பு தடுக்காது. தவணை நின்றால் அது வீட்டை எடுத்து விற்கலாம்.

என்னிடம் வரும் குடும்பங்களில் பாதிக்கு மேல் இதில்தான் விழுகின்றன. தினமும் போன் செய்து சத்தம் போடுகிறவனுக்கு முதலில் கட்டுகிறார்கள். வீட்டை எடுக்க அதிகாரம் உள்ள வங்கியோ ஒரு கடிதத்தோடு அமைதியாக இருக்கிறது, சரி, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பள்ளியில் நம் பிள்ளைகள் கூட்டு வட்டிக் கணக்கு போடுகிறார்கள். கையில் ஆயிரம் வெள்ளிதான் இருக்கிறது, ஆறு பேருக்குக் கொடுக்கவேண்டும் என்றால் யாருக்கு முதலில் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. பண நிர்வாகத்தைச் சொல்லித்தர மணிசென்ஸ் என்ற தேசியத் திட்டம் 2003 முதல் இருக்கிறது. என்னிடம் வருபவர்களில் பலர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. இது எனக்கு உண்மையாகவே மனக்கஷ்டம் தரும் விஷயம்.

இந்த வாரமே வீட்டுக் கடன் வங்கிக்குப் போய்ப் பேசுங்கள். இருவருடைய சேம நிதிச் சாதாரணக் கணக்கிலும் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். மற்ற கடன்காரர்கள் தொடமுடியாத அந்தப் பணத்தை வீட்டுத் தவணைக்குப் பயன்படுத்தலாம். கார்டுகள் காத்திருக்கட்டும்.

இப்போது கொழுந்தனாரின் யோசனைக்கு வருகிறேன். உங்கள் பெயரில் கடன் எடுக்காதீர்கள். கூட்டுக் கடனாளியாகவும் வேண்டாம், ஜாமீனாகவும் வேண்டாம், 'சும்மா ஒரு பெயருக்கு' என்றாலும் வேண்டாம். இன்றைக்கு உங்கள் குடும்பத்தில் கடனில்லாத சம்பளம் ஒன்று இருக்கிறது, அது உங்களுடையது. நீங்கள் கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் அதுவும் போய்விடும்.

தோ பாயோவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவரின் கார்டு கடனை அடைக்க உரிமம் பெற்ற கடன் கொடுப்போர் இருவரிடம் வாங்கியிருந்தார்கள். அவர் சம்பளத்துக்கு இனி தரமுடியாது என்று சொல்லி, மனைவியைக் கூட்டுக் கடனாளியாகச் சேர்த்திருக்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தைப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் மனைவி கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அந்தப் பக்கத்தைத் தவிர வேறு எதையும் அவர் புரட்டிப் பார்க்கவில்லை.

அங்கே வட்டி மாதத்துக்கு 4 சதவீதம் வரை போகலாம். 10,000 வெள்ளி வாங்கினால் முதல் மாத வட்டி மட்டும் 400 வெள்ளி. தாமதமானால் தாமத வட்டி தனி, மாதம் 60 வெள்ளி வரை தாமதக் கட்டணம் தனி. வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து அசலைத் தாண்டக்கூடாது என்பதுதான் சட்டம் தரும் ஒரே ஆறுதல். அதாவது 10,000 வாங்கினால் 20,000 வரை கட்டவேண்டி வரலாம். அந்தக் கணவருக்கு வேலை போனது. அப்புறம் கடன் கொடுத்தவர்கள் மனைவியைத் தேடி வந்தார்கள். 15,000 வெள்ளி பாக்கி இருந்தாலே திவால் மனு போடலாம். இருவரும் திவாலானார்கள். இப்போது ஜோகூருக்குப் போய்வரக்கூட இருவரும் அனுமதி கேட்கவேண்டும். அந்தப் பெண் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால், கணவர் ஒருவர் மட்டும் அந்த நிலைக்குப் போயிருப்பார், மனைவியின் சம்பளத்தில் வீடு ஓடியிருக்கும்.

வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றுவது தேவையில்லாத வேலை. ஏற்கெனவே பாதுகாப்பில் இருக்கும் சொத்தை ஏன் ஒளிக்கவேண்டும்? வீவக அனுமதி வேண்டும், உங்கள் ஒரு சம்பளத்தை மட்டும் வைத்து வங்கி கணக்குப் போடும், கடைசியில் முழுக் கடனும் உங்கள் தலையில் விழும். கணவரின் சேமிப்பையோ காரையோ உங்கள் பெயருக்கு மாற்றும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். திவால் மனுவுக்கு முந்தைய 3 ஆண்டுகளில் சும்மாவோ அடிமாட்டு விலைக்கோ கொடுத்ததைத் திரும்பப் பெற சட்டத்தில் வழி இருக்கிறது.

கொழுந்தனாரின் 9,000 வெள்ளியையும் அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்கவேண்டாம். சொந்தக்காரர் கடனை முதலில் அடைப்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் மற்றவர்களை நிறுத்திவைத்துவிட்டு உறவினருக்கு மட்டும் கொடுத்தால், மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் கொடுத்ததை ரத்து செய்து அவரிடமிருந்தே வசூலிக்க முடியும். அவருக்கும் இதைப் புரியவையுங்கள்.

வசூல்காரர்களின் தொல்லைக்கு: வந்த அழைப்புகளின் தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் குறித்துவையுங்கள். நான் கடனாளி இல்லை, ஆபீசுக்கு அழைக்காதீர்கள் என்று வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மிரட்டல் வந்தால் போலீஸ் புகார். இதில் அதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

கணவர் விஷயத்தில் வெளிப்படையாகச் சொல்கிறேன், எதிர்த்து வழக்காடச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் நம்பவேண்டாம். வாங்கினார், செலவழித்தார், எதிர்வாதம் எதுவும் இல்லை. வழக்கறிஞர் கட்டணம்தான் கடனோடு கூடும். சமரசத்துக்குப் போகச் சொல்லுங்கள். கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அமைப்பு வங்கிகளோடு பேசி, வட்டியைக் குறைத்து ஒரே தவணையாக்க உதவும். கடன் மாத வருமானத்தைப்போல் 12 மடங்கைத் தாண்டிவிட்டதால், பல கடன்களை ஒரே கடனாக்கும் வங்கிகளின் கடன் ஒருங்கிணைப்புத் திட்டத்துக்கும் அவர் தகுதி பெறக்கூடும். எதுவானாலும் அவர் பெயரில் மட்டும்.

அதற்குள் ஏதாவது ஒரு வங்கி ஸ்டாட்யூட்டரி டிமாண்ட் (திவால் மனுவுக்கு முன் கடனைக் கட்டச் சொல்லும் சட்டப்படியான கடிதம்) அனுப்பினால் அதை மற்றக் கடிதங்களோடு போட்டுவைக்கக்கூடாது. அதை ரத்து செய்யக் கேட்க 14 நாள், பணம் கட்டவோ சமரசம் செய்யவோ 21 நாள். அந்தக் கெடு முடிந்தால் திவால் மனு வரலாம். அப்படியே மனு போட்டாலும், மொத்தக் கடன் 150,000 வெள்ளியைத் தாண்டாமல் நிலையான வேலையும் இருந்தால், திவாலாக்காமல் 5 ஆண்டு வரை தவணையில் கட்டும் கடன் திருப்பித் தரும் திட்டத்துக்கு அவரை எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதனால் அவர் இருக்கும் வேலையை விட்டுவிடக்கூடாது.

வழக்கறிஞருக்குச் செலவழிக்க வசதி இல்லையென்றால் புரோ போனோ எஸ்ஜியின் இலவச சட்ட ஆலோசனைக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள். போகும்போது வீட்டுக் கடன் ஒப்பந்தம், ஐந்து கார்டுகளின் கடைசி மாத அறிக்கை, இருவரின் சேம நிதி அறிக்கை, இதுவரை வந்த எல்லாக் கடிதங்களும் கையில் இருக்கட்டும். கணவரையும் அழைத்துப் போங்கள். கடன் அவருடையது, பதில் சொல்லவேண்டியவரும் அவர்தான்.