குரோதன வருஷத்துப் பதிகத்தை எங்கே தேடுவது?

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா பாடிய முருகன் பதிகம் ஒன்று குரோதன வருஷத்தில் சென்னையில் அச்சானதாக எங்கள் வீட்டுக் குறிப்பேட்டில் இருக்கிறது, பிரதி இல்லை. மூன்று நாள் விடுப்பில் கோவையிலிருந்து சென்னை வருகிறேன். கன்னிமாரா நூலகம் என்கிறார் ஒருவர், ஆவணக் காப்பகம் என்கிறார் ஒருவர், மூர் மார்க்கெட் என்கிறார் இன்னொருவர். எல்லா இடத்திலும் அனுமதி வாங்கித் தேடித் தருவதாகச் சொல்லி ஒருவர் எட்டாயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நூலகங்களிலும் காப்பகத்திலும் அனுமதி என்பது விண்ணப்பமும் அடையாள அட்டையும் கொடுத்துத் தேடுபவரே நேரில் பெறுவது. அதை இன்னொருவர் உங்களுக்காக விலைக்கு வாங்கித் தர முடியாது. இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் செய்வது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பட்டியலைப் பார்த்து ஒரு அச்சுப் பக்கத்தை எடுத்துக் கொடுப்பதும், கிடைக்காவிட்டால் "செல்லரித்துவிட்டது" என்று கைவிரிப்பதும்தான். பத்திரம், பட்டா தேடி எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு வருபவர்களைச் சுற்றி வளர்ந்த இந்தத் தரகு இப்போது புத்தகம் தேடி வருபவர்களிடமும் கைநீட்டுவதைப் பார்க்க எனக்குக் கோபம்தான் வருகிறது.

முதலில் ஆண்டை உறுதி செய்துகொள்ளுங்கள். குரோதன வருஷம் 1925 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1926 ஏப்ரல் நடுவில் முடிந்தது. ஆகவே 1925-ஐ மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று முடிவு செய்தால், தை, மாசி, பங்குனியில் வெளிவந்த நூல் கைநழுவிப் போகும். குறிப்பேட்டில் இருப்பது குரோதனவா, குரோதியா என்றும் கூர்ந்து பாருங்கள். குரோதி 1904-05-இல் வந்த ஆண்டு. மங்கிய மையில் எழுதிய பழைய கையெழுத்தில் இரண்டும் எளிதில் மயங்கும். இடைவெளியோ இருபத்தொரு ஆண்டு. நூல் வெளியான காலத்தில் கொள்ளுத்தாத்தாவுக்கு என்ன வயது என்று கணக்கிட்டுப் பார்த்தாலே பாதி ஐயம் தீர்ந்துவிடும்.

அடுத்து, நூலைத் தேடுவதற்கு முன் நூலைப் பற்றிய பதிவைத் தேடுங்கள். 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டப்படி, பிரிட்டிஷ் இந்தியாவில் அச்சிட்ட ஒவ்வொரு நூலின் பிரதியையும் அச்சகத்தார் அரசுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அரசு அவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட்டுத் தன் கெஜட்டுடன் வெளியிட்டது. சென்னை மாகாணத்துக்கான அந்தக் காலாண்டுப் பட்டியலில் நூலின் பெயர், மொழி, ஆசிரியர், அச்சகம், வெளியான தேதி, பக்கம், அளவு, எந்தப் பதிப்பு, எத்தனை பிரதி, என்ன விலை என்பதோடு, பதிப்புரிமை யாருடையது, அவர் எந்த ஊரில் வசிக்கிறார் என்பதற்கும் இடம் உண்டு. நூலே அழிந்துபோயிருந்தாலும் இந்த ஒரு வரி உங்கள் குடும்பத்துக்குப் பெரிய செல்வம். அச்சகங்கள் பிரதியைத் தாமதித்து அனுப்பியதும் உண்டு என்பதால், குரோதன வருஷத்துக்கு 1925-இன் இரண்டாம் காலாண்டிலிருந்து 1926 கடைசி வரை பார்த்துவிடுங்கள்.

ஆவணக் காப்பகம் உங்களுக்குத் தேவைப்படுவது இந்தப் பட்டியலுக்காகத்தான். 1909-இல் சென்னைப் பதிவேட்டு அலுவலகமாகத் தொடங்கிய எழும்பூர்க் காப்பகம் அரசின் கோப்புகளைக் காப்பதற்கு ஏற்பட்டது. பதிகங்களைச் சேர்ப்பதற்கு அன்று. பழைய கெஜட்டுகளைக் கேளுங்கள். ஆய்வு மாணவர் என்றால் பல்கலைக்கழகக் கடிதத்தோடு வந்து நிற்கிறார். தாத்தாவின் நூலைத் தேடி வரும் குடும்பத்தார் எந்தக் கடிதத்தைக் கொண்டுவருவார்? வரி கட்டும் குடிமகன் தன் வரலாற்றைப் பார்க்க, "எதற்காக" என்ற கேள்விக்கு இத்தனை முறை பதில் சொல்ல வேண்டியிருப்பது நியாயமில்லை. இருந்தாலும் நடைமுறை அதுவாக இருப்பதால், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே உங்கள் நோக்கத்தை ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி அனுப்பி, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

இங்கே ஒரு விலக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதில்தான் இடறுகிறார்கள். 1867-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு உரியது. புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன; புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம்; இலங்கையும் மலாயாவும் வேறு நிர்வாகங்கள். இந்த இடங்களில் அச்சான நூலைச் சென்னைப் பட்டியலில் எதிர்பார்க்க முடியாது. "சென்னையில் அச்சானது" என்று உங்கள் வீட்டார் எழுதியிருப்பது நகரத்தையா, அல்லது கோவையிலிருந்து பார்க்கையில் "அந்தப் பக்கம்" என்ற பொருளிலா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். புலவர் ஓர் ஊரிலும் பொருளுதவி செய்த தனவந்தர் வேறோர் ஊரிலும் இருந்தால், நூல் தனவந்தருக்கு வசதியான அச்சகத்தில் ஏறியிருக்கும். அவர் புதுக்கோட்டைச் சீமைக்காரர் என்றால் உங்கள் தேடல் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இனி நூல். முதல் நாளைத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒதுக்குங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள், இதழ்கள், நோட்டீஸ்கள், அழைப்பிதழ்கள் ஆகியவற்றின் மேல் எழுந்த நூலகம் அது. பெரிய நூலகங்கள் பொருட்படுத்தாத எட்டுப் பக்கப் பதிகத்துக்கும் அங்கே மதிப்புண்டு. பெட்டகத்துக்குள் நீங்கள் போக முடியாது. பட்டியலில் பார்த்து எழுதிக் கொடுத்தால் எடுத்துத் தருவார்கள். ஊரிலிருந்தே மின்னஞ்சலில் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் அனுப்பிக் கேட்டுவிடுவது நல்லது. அங்கிருந்து தொலைவில்லாத பெசன்ட் நகரில் உ.வே.சாமிநாதையர் நூலகம் இருக்கிறது. நேரம் மிஞ்சினால் அதையும் பாருங்கள்.

இரண்டாம் நாள் எழும்பூர். 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாராவில் எல்லா நூலும் இருக்கும் என்பது தவறான நம்பிக்கை. நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலும் அதற்கு ஒரு பிரதி வர வேண்டும் என்ற ஏற்பாடு 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 1925-ஆம் ஆண்டு நூல் இருந்தால் அது உங்கள் நல்வாய்ப்பு. அதே வளாகத்துக்கு வந்து சேர்ந்த மறைமலையடிகள் நூலகத்தில் சைவ நூல்கள் மிகுதி என்பதால், முருகன் பதிகத்துக்கு நான் அதையே முதலில் கேட்பேன். ஆவணக் காப்பகமும் எழும்பூரிலேயே இருப்பதால் அன்றே அங்கும் போய்விடலாம். இத்தனை நூலகங்களுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் தேட வழியில்லாமல் வாசகர் நூலகம் நூலகமாக ஏறி இறங்குவது, கணினி வந்து இத்தனை காலத்துக்குப் பின்னும் மாறாதது வெட்கக்கேடு.

மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. பழைய புத்தகக் கடைகள் சென்ட்ரலை ஒட்டிய அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. அங்கே போவதானால் எச்சரிக்கையாகப் போங்கள். முகப்புத்தாள் இல்லாத பிரதியை "முதற்பதிப்பு" என்பார்கள். பின்னட்டையை வேறு நூலிலிருந்து எடுத்து ஒட்டியிருப்பார்கள். நூலக முத்திரை இருந்து, நீக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லாவிட்டால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். அது ஏதோ ஒரு நூலகத்திலிருந்து யாரோ எடுத்து வந்தது. நீங்கள் தேடும் நூலின் பெயரைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், விலை அந்தக் கணமே ஏறும்.

மூன்றாம் நாளில் பாதியையாவது கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள், எழுதிக் கொடுத்த நூல் மறுநாள்தான் வரும் என்றால் உதவும். வேலை முடிந்துவிட்டால் திருவல்லிக்கேணியில் பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீட்டையும், 1844 முதல் நடக்கும் அண்ணா சாலை ஹிக்கின்பாதம்ஸையும் பார்க்கலாம்.

சென்னையில் எங்கும் கிடைக்காவிட்டால் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துக்கு எழுதுங்கள். பதிவுச் சட்டத்தின்படி வந்த பிரதிகளில் தேர்ந்தெடுத்த நூல்கள் அங்கே அனுப்பப்பட்டன. அவர்களுடைய தமிழ் நூல்களுக்கான துணைப் பட்டியல் 1931-இல் அச்சாகியிருக்கிறது. தலைப்பை ஆங்கில எழுத்தில் பல விதமாக எழுதி அனுப்பி, காலாண்டுப் பட்டியலில் கண்ட அச்சகப் பெயரையும் வெளியான தேதியையும் சேர்த்துவிட்டால் தேடித் தருபவருக்கு எளிதாக இருக்கும்.